மாமனாரின் ரேடியம் வாட்ச்

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. இரண்டாம் சனி என்பதால் எனக்கு வேலை கிடையாது. ஆனாலும் ஐந்தேகாலுக்கே எழுந்துவிட்டேன். மோட்டார் போட்டுவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினேன். பால் காய்ச்சி, கணவருக்குக் காப்பி கலந்து கொடுத்து, இட்லிக்குத் தண்ணீர் வைத்தேன். டைரியில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது: மேகமூட்டம், மழை இல்லை, இட்லி, வெங்காயச் சட்னி.

ஏழு மணிக்கு மகள் எழுந்து வந்தாள். அவளுக்கு எட்டாவது மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் திருநின்றவூருக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்கள். இடது கையில் வளையல்களுக்குக் கீழே ஒரு ஸ்டீல் வாட்ச். தினமும் காலையில் அவள் முகம் கழுவி வந்ததும் அந்த வாட்சையும் என் செல்போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எத்தனை விநாடி முந்துகிறது என்று டைரியில் எழுதுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். லென்ஸை வைத்துப் பார்ப்பதும் அளந்து எழுதுவதும் என் வேலை. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

“கைய நீட்டுடி.”

“அட்டென்டன்ஸா? பிரசென்ட் டீச்சர்,” என்று மகள் கையை நீட்டினாள். வாட்ச் ஆறு விநாடி முந்தியிருந்தது. எழுதிக்கொண்டேன்.

அந்த வாட்ச் என் மாமனாருடையது. இளம் வயதில் அவர் சரக்குக் கப்பல் ஒன்றில் எஞ்சின் அறையில் பிட்டராக இருந்தார். எழுபதுகளில் சிங்கப்பூரில் கப்பல் நின்றபோது வாங்கினாராம். பிறகு கடலை விட்டுவிட்டு ஆவடியில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசிவரை வேறு வாட்ச் கட்டவில்லை. சுவிஸ் கம்பெனியின் தயாரிப்பு. கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைச் சொன்னால் அடுத்த நிமிடமே எல்லோரும் விலை கேட்கிறார்கள். அவரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. “என் ரேடியம் வாட்ச எங்கம்மா வச்சேன்?” என்றுதான் தேடுவார். முள்ளும் மணிப் புள்ளிகளும் ஒரு காலத்தில் இருட்டில் பச்சையாக மின்னுமாம். நான் மருமகளாக வந்தபோதே மின்னுவது நின்றுபோயிருந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் தம்பிக்கு அந்த வாட்ச் என்றாலே கிண்டல். அவன் வெள்ளானூரில் இருக்கிறான்; சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறான். மகளின் கல்யாணத்தன்று என் கணவர் அந்த வாட்சைக் கட்டியிருந்தார். தம்பி அவர் கையைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். டயலில் ஆறு மணிப் புள்ளிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, எறும்பு அளவு எழுத்தில் ‘ஸ்விஸ்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். அந்த வார்த்தைக்கு இந்தப் பக்கம் ஒரு ‘டி’, அந்தப் பக்கம் ஒரு ‘டி’.

“இன்னா மாமா இது? ஸ்விஸ்ஸுக்கு முன்னால ஒரு டி, பின்னால ஒரு டி? டின்னா தாய்வான். எவனோ பர்மா பஜார் சரக்க உங்கப்பா தலைல கட்டிட்டான்.”

“போடா மச்சான். எங்கப்பா சிங்கப்பூர்ல வாங்கினது.”

“சிங்கப்பூர்லேந்து தாய்வான் எம்மாந்தூரம் மாமா?”

பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் அதற்குத் தாய்வான் வாட்ச் என்றும் ஒரு பெயர் சேர்ந்துகொண்டது. என் கணவர் அதைக் கழற்றி பீரோவில் வைத்தவர் மறுபடி எடுக்கவில்லை.

அதை வெளியே எடுத்தவள் மகள்தான். கர்ப்பத்தில் கை வீங்கியதால் அவளுடைய வாட்சின் பட்டை இறுக்கியது. தாத்தா வாட்சின் செயின் ஸ்பிரிங் வைத்தது; கைக்குத் தகுந்தபடி விரியும். போட்டுக்கொண்டாள். அது கையின் அசைவிலேயே சாவி ஏறி ஓடும் வாட்ச். கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும். நின்றுவிடக் கூடாது என்பதற்காக இரவிலும் அவள் கழற்றவில்லை. தண்ணீர் புகாது என்பதால் குளிக்கும்போதும் கழற்றவில்லை. ஒருக்களித்துப் படுத்து, அந்தக் கையை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள்.

அன்று இட்லி சாப்பிடும்போது அந்தக் கம்பெனியின் வரலாற்றைச் செல்போனில் படித்துக்கொண்டிருந்தாள். நீண்ட ஆங்கிலக் கட்டுரை. படித்துப் படித்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

அந்தக் காலத்தில் ஆண்கள் சட்டைப் பையில் சங்கிலி போட்டுத்தான் கடிகாரம் வைத்திருப்பார்களாம். கையில் கட்டுவது பெண்களின் நகை என்று சிரிப்பார்களாம். போருக்குப் போன சிப்பாய்கள்தான், பையிலிருந்து எடுத்துப் பார்க்க நேரமில்லாமல், கையில் கட்ட ஆரம்பித்தார்கள். கையில் கட்டினால் தூசி, வியர்வை, மழை. அதற்காக, பின் மூடியையும் சாவித் திருகையும் ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி மரை வைத்து இறுக்கி மூடும் பெட்டியைச் செய்தார்கள்.

“ஊறுகாய் பாட்டில்னு போட்டிருக்கா?” என்று கணவர் கேட்டார்.

“சிப்பின்னு போட்டிருக்குப்பா. உங்களுக்குப் புரியணும்னு சொன்னேன்.”

மரை வைத்து இறுக்கிய திருகைத் தினமும் திறந்து சாவி கொடுத்தால் மறுபடி தண்ணீர் போகும். அதனால் சாவியே கொடுக்க வேண்டாத வாட்ச். உள்ளே அரை வட்டமாக ஒரு தகடு. கை அசைந்தால் அது சுற்றும், சுற்றினால் ஸ்பிரிங் ஏறும்.

“சோம்பேறி கட்டினா ஓடாது,” என்றேன் கணவரைப் பார்த்து.

“அதனாலதான் நான் கட்டல.”

பிறகு டயலில் சின்ன ஜன்னல் வைத்து, நடு இரவில் தானே மாறும் தேதி. கடலுக்குள் மூழ்குகிறவர்களுக்காகச் சுற்றி விடக்கூடிய வளையம். ஒரு தொந்தரவைத் தீர்க்கப் போய் அடுத்த தொந்தரவைக் கண்டுபிடித்து, அதையும் தீர்த்து, இப்படியே போகிறது அந்தக் கம்பெனியின் கதை. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் பிரிவிலும் அப்படித்தான். இட்லித் தட்டைக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டேன்.

“அடுத்து, இருட்டிலயும் மணி தெரியறதுக்கு என்ன பண்ணாங்கன்னா…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். கண் மட்டும் கீழே கீழே போனது.

“என்னடி?”

“அப்பா, தாத்தா இத என்ன வாட்ச்னு சொல்வாரு?”

“ரேடியம் வாட்ச்.”

அவள் செல்போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள். அந்தக் காலத்தில் டயலில் பூசிய சாயத்தில் நிஜ ரேடியம் கலந்திருந்ததாம். கதிர் வீசுகிற ரேடியம். அமெரிக்காவில் அதைப் பூசும் வேலைக்குப் பெண்களை வைத்திருந்தார்கள். தூரிகையின் நுனி கூர்மையாக வேண்டும் என்று அதை உதட்டில் வைத்து வைத்துப் பூசினார்கள். தாடை எலும்பு அரித்து, பலர் செத்துப்போனார்கள்.

சொல்லி முடித்துவிட்டுத் தன் இடது கையைப் பார்த்தாள். அது வழக்கம்போல வயிற்றின் மேல் இருந்தது. வெடுக்கென்று எடுத்தாள். வளையல்கள் குலுங்கின.

நான் எதுவும் யோசிக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து வாட்சை உருவினேன். உருவிய பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நெருப்புத் துண்டைப் பிடித்தவள் மாதிரி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன்.

“கதிர ஈயம்தான் தடுக்கும்,” என்றார் கணவர். ஸ்கேன் அறையில் ஈயத் தகடு அடித்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

“ஈயத்துக்கு இப்போ எங்க போறது?”

“உன் ரசச் சொம்பு?”

கும்பகோணம் போனபோது ஆசைப்பட்டு வாங்கிய ஈயச் சொம்பு என்னிடம் உண்டு. அதில் வைக்கும் ரசம்தான் ரசம் என்பது எங்கள் வீட்டில் எல்லோர் கருத்தும். அதை எடுத்துத் துடைத்து, வாட்சை உள்ளே போட்டு, மேலே ஒரு தட்டு வைத்து, துணியால் வேடு கட்டினேன். கணவர் அதை மோட்டார் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து சோப்பு போட்டுக் கை கழுவினார். நானும் கழுவினேன். மகளை முழங்கை வரை கழுவச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கணவருக்கு ஒரு யோசனை. “அதான் மின்னலையே? ரேடியம் இருந்தா மின்னணுமே?”

மறுபடி மோட்டார் அறைக்குப் போய் வாட்சை எடுத்து வந்தார். பகல் வெளிச்சத்தில் எப்படிப் பார்ப்பது? படுக்கை அறைக் கதவைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, நானும் அவரும் கம்பளிப் போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டோம். நாப்தலின் வாசனை. வியர்த்துக் கொட்டியது. கண்ணைப் பழக்கிக்கொண்டு பார்த்தோம். கும்மிருட்டு. புள்ளி கூட இல்லை.

“ரெண்டு பேரும் என்ன பண்றீங்க உள்ள?” என்று கதவுக்கு வெளியே மகளின் குரல். அந்த நேரத்திலும் அதில் சிரிப்பு இருந்தது.

“மின்னலடி! ஒண்ணுமே இல்ல!” என்று கத்திக்கொண்டு போர்வையை உதறினேன். என் முடியெல்லாம் கலைந்திருந்தது. மூவரும் கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்தோம். அந்த மோர் குடித்து முடிக்கும் வரைதான் நிம்மதி. கணவர் தன் செல்போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு என்னைச் சமையலறைக்கு வரச் சொல்லி சைகை செய்தார். மின்னுவது சாயம்தானாம். சில வருடங்களில் சாயம் செத்துவிடும். ஆனால் அதில் கலந்த ரேடியம் சாகாது. அது ஆயிரக்கணக்கான வருடம் கதிர் வீசிக்கொண்டே இருக்கும். மின்னாத வாட்ச் என்பதற்கு அர்த்தம் ரேடியம் இல்லாத வாட்ச் என்பதல்ல.

இதை மகளிடம் சொல்லாமல் இருக்க நினைத்தோம். எங்கள் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள்.

“அவருக்குப் போன் பண்ணட்டுமாம்மா?” என்று கேட்டாள். மருமகன் ஸ்ரீபெரும்புதூரில் காலை ஷிஃப்டில் இருந்தார்.

“முதல்ல டாக்டருக்குப் பண்ணுவோம். என்னன்னு தெரிஞ்சுகிட்டு அவருக்குச் சொல்லலாம்.”

அவளைப் பார்க்கும் டாக்டரம்மா பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார். நல்ல வேளையாக எடுத்தார். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். “பதறாதீங்க. இன்னிக்கி எப்படியும் கூட்டிட்டு வாங்க. வாட்சையும் எடுத்துட்டு வாங்க. இங்க கதிர் சிகிச்சைப் பிரிவுல மீட்டர் இருக்கு. வச்சுப் பாத்துடலாம்,” என்றார். பதறாதீங்க என்று அவர் சொன்ன விதத்தில் ஏதாவது மறைக்கிறாரா என்று அந்த ஐந்து வாக்கியங்களையும் மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதுவும் பிடிபடவில்லை.

தம்பிக்குப் போன் செய்தேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தவன் ஈர வேனோடு வந்து நின்றான்.

மகளை முன் இருக்கையில் அவன் பக்கத்தில் உட்கார வைத்தோம். நான் நடுவில். கணவர் கடைசி இருக்கையில், மடியில் வைத்துக்கொள்ள மனம் வராமல், ஈயச் சொம்பைக் காலடியில் வைத்து இரண்டு பாதத்தாலும் பிடித்துக்கொண்டார்.

“இன்னா மாமா, ரசம் எட்துகினு வர்றீங்களா?” என்று தம்பி கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். ஆவடி தாண்டும் வரை அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் பேசாமல் ஓட்டி நான் பார்த்ததில்லை. மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வலது கையால் வயிற்றைத் தொட்டாள். இடது கையைத் தொடையின் கீழே மடித்து வைத்திருந்தாள்.

குமணன்சாவடியில் மெட்ரோ வேலைக்காகச் சாலையைக் குறுக்கியிருந்தார்கள். வண்டிகள் நகரவில்லை. வேன் நின்ற இடத்துக்கு நேர் எதிரே ஒரு கடை. வாசலில் சிவப்பு, மஞ்சள், பச்சைச் சுருள்கள் தொங்கின. லாரி ஒன்றின் பின்புறத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்து பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். போர்டில் பெரிய எழுத்தில்: ரேடியம் ஸ்டிக்கர்.

மகள் அதைப் படித்துவிட்டு, “மாமா, இங்கயும் ரேடியம்,” என்றாள். குரல் உடைந்திருந்தது.

தம்பி எட்டிப் பார்த்தான். “ஊரே ரேடியம்தாம்மா. நம்ம வண்டி பின்னால கூட கீது. உங்கப்பா தலைக்குப் பின்னாலயே ஒட்டிக்கீறேன்.”

கணவர் சட்டென்று தலையை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு தானே சிரித்துவிட்டார்.

தம்பி ஜன்னல் வழியாகக் கத்தினான். “அண்ணாத்தே! ரேடியம்னா இன்னா?”

“இன்னா கலர் ஓணும்? செவப்பா, மஞ்சளா?”

“கலர் இல்லபா. ரேடியம்னா இன்னான்னு கேக்கறேன்.”

“லைட்டு பட்டா பளிச்சுன்னு அடிக்கும். அதான் ரேடியம். ஒட்டறியா, இல்ல டிராபிக்ல போரடிக்குதுன்னு கலாய்க்கறியா?”

“கலாய்க்கலபா. ஊட்ல ஒரு சண்ட.”

எனக்கு மாமனார் நினைவுக்கு வந்தார். சைக்கிள் மட்காடில் சிவப்பாக மின்னும் வில்லையை அவர் ரேடியம் என்பார். சாமிப் படத்துக்குக் கீழே இரவில் ஒளிரும் சின்ன ஓம் எழுத்தை ரேடியம் என்பார். அவர் மட்டுமா? நானும் அப்படித்தான் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் இருட்டில் தெரிகிற எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர்.

“என் ரூம் சீலிங்ல ஒட்டின ஸ்டாரக் கூட தாத்தா ரேடியம் ஸ்டார்னுதான்மா சொல்வாரு,” என்றாள் மகள். முதல் முறையாக எங்கள் பக்கம் திரும்பியிருந்தாள்.

ஒரு முடிச்சு தளர்ந்தது. ஆனால் அவிழவில்லை. ரேடியம் இல்லாததையும் ரேடியம் என்கிறோம் என்பதால், ரேடியம் வாட்சில் ரேடியம் இல்லை என்று ஆகிவிடாது. நிஜமாகவே இருந்து, அதனால் அந்தப் பெயர் வந்திருந்தால்? எங்கள் பிரிவில் யாராவது இப்படி ஒரு காரணத்தைச் சொல்லி ஒரு பொருளைப் பாஸ் செய்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தம்பிதான் பேசிக்கொண்டே போனான். அவனுக்கு வாய் திறந்துவிட்டது. “நான் அன்னிக்கே சொல்ட்டேன் அக்கா. அது தாய்வான் மால். தாய்வான்காரன் ரேடியத்துக்கு எங்க போவான்? தெகிரியமா ஸ்விஸ்ஸுக்கு ரெண்டு பக்கமும் டி போட்டுக்கீறான், இது டூப்ளிகேட்டுபான்னு அவனே ஒத்துக்கினு…”

“டேய், இரு,” என்றேன். இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஒரு டயலில், அதுவும் அப்படிப்பட்ட கம்பெனியின் டயலில், காரணம் இல்லாமல் ஓர் எழுத்து இருக்காது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு போல்ட்டின் தலையில் இருக்கும் புள்ளிக்குக் கூட அர்த்தம் உண்டு.

மகளிடம் கேட்டேன். “காலைல படிச்சியே, அதுல மீதி என்ன போட்டிருக்கு?”

“மீதி படிக்கலம்மா. அந்தப் பொண்ணுங்க செத்துப்போனாங்கன்னு வந்ததும் மூடிட்டேன்.”

“படி.”

“வேணாம்மா.”

“அப்போ போன என்கிட்ட குடு.”

கொடுக்கவில்லை. தானே திறந்தாள். அடுத்த பத்தியிலேயே இருந்தது. முதலில் மனதுக்குள் படித்தாள். பிறகு சத்தமாக, அவசரமாக, பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகச் சொன்னாள். ரேடியத்தின் ஆபத்து தெரிந்த பிறகு, அறுபதுகளில் அதைக் கைவிட்டு, ட்ரிட்டியம் என்ற வேறொன்றுக்கு மாறினார்கள். அதுவும் கதிர் வீசும். ஆனால் மிகவும் பலவீனமான கதிர், வாட்சின் கண்ணாடியைக் கூடத் தாண்டாது. பன்னிரண்டு வருடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். இது ரேடியம் அல்ல என்று காட்டத்தான் டயலின் அடியில் ‘ஸ்விஸ்’ என்ற வார்த்தைக்கு இரண்டு பக்கமும் அந்த ஆங்கில எழுத்தைப் போட்டார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டு, பகல் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் திருப்பிக் கொடுக்கிற, கதிரே இல்லாத சாயத்துக்கு வந்துவிட்டார்கள்.

பின்னால் லாரி ஹாரன் அடித்தது. முன்னால் வண்டிகள் நகர்ந்திருந்தன. தம்பி கவனிக்கவில்லை.

“அப்போ டின்னா தாய்வான் இல்லியா?”

“ட்ரிட்டியம் மாமா.”

“அது இன்னாது?”

“ரேடியம் இல்லாதது,” என்றாள் மகள். “அவ்ளோதான் எனக்குத் தெரியணும்.” அழுதாள். அழுதுகொண்டே இடது கையைத் தொடைக்குக் கீழிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

“சொம்பத் திறங்க,” என்றேன் கணவரிடம்.

“ஆஸ்பத்திரில திறக்கலாமே.”

“இப்பவே.”

என் கைப்பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். வேனை ஓரங்கட்டச் சொல்லி, சொம்பின் துணியை அவிழ்த்து, வாட்சை என் கைக்குட்டையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஆறு மணிப் புள்ளிக்குக் கீழே, விளிம்பின் நிழலில், இரண்டு எழுத்துகளும் அப்படியே இருந்தன. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். அவற்றின் குறுக்குக் கோடுகள் கூட ஒரே நீளம். லென்ஸில் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதாக என் வேலையில் எனக்கு நினைவில்லை.

மருத்துவமனையில் கதிர் சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் அலுவலர் இருந்தார். ஈயச் சொம்பைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“எதுக்குங்க இதுல கொண்டு வந்தீங்க?”

“கதிர ஈயம் தடுக்கும்னு…” என்றார் கணவர்.

“தடுக்கறது காரீயம் சார். இது வெள்ளீயம். இதுல ரசம் மட்டும்தான் வைக்கலாம்.”

எங்களிடம் இருந்த ரேடியம் ரேடியம் இல்லை, ஈயமும் அந்த ஈயம் இல்லை. கணவர் என்னைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தார்.

அந்தப் பெண் அலுவலர் மீட்டரை முதலில் வெறும் மேசை மேல் வைத்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் டிக் என்றது. பிறகு வாட்சின் மேல் வைத்தார். அதே டிக், அதே நிதானம். திருப்பிப் போட்டும் வைத்தார். “ரேடியமா இருந்தா கிட்ட கொண்டு போனாலே கத்தும். அந்த டி போட்டதுல உள்ளது கண்ணாடிக்கு வெளியவே வராது, அதனால இதுல தெரியாது. இத்தன வருஷத்துல அதுவும் முக்காவாசிக்கு மேல தீர்ந்துபோயிருக்கும். இந்த கிரானைட் மேடையே இதவிடக் கொஞ்சம் ஜாஸ்தி காட்டும், பாக்கறீங்களா?” என்று மீட்டரைச் சமையல் மேடை போன்ற அந்தத் திண்டில் வைத்துக் காட்டினார். உண்மையில் கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது. எங்கள் வீட்டுச் சமையலறை மேடையும் கிரானைட்தான். அதைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா மகளைப் படுக்க வைத்து வயிற்றில் கருவியை வைத்தார். குழந்தையின் இதயத் துடிப்பு அறை முழுவதும் கேட்டது. ஓடுகிற குதிரை மாதிரி வேகம். டாக்டரம்மா தலையசைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். வாட்சைத் தாராளமாகக் கட்டலாம், கையில் வீக்கம் கூடினால் மட்டும் கழற்றுங்கள் என்றார்.

“அம்மா,” என்று படுத்தபடியே கூப்பிட்டாள் மகள். “இந்தத் துடிப்பு எத்தன விநாடி முந்துதுன்னு எழுதிக்கோ.”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான் சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் வெளியே போய் வராந்தாவில் நின்று சிரித்துவிட்டு வந்தேன்.

மருமகனுக்கு மகளே போன் செய்தாள். முழுக் கதையையும் முடிவிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். அவர் எந்த இடத்திலும் பயப்படாமல் இருக்க அதுதான் வழி என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. திரும்பி வரும் வழியில் குமணன்சாவடியில் தம்பி வேனை நிறுத்தி எல்லோருக்கும் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தான். வாட்சைக் கையில் வாங்கி, கண்ணருகே வைத்து, அந்த இரண்டு எழுத்தையும் மறுபடி பார்த்தான்.

“இம்மாந்நாளா தப்பா சொல்லிகினு இருந்துக்கீறேன் மாமா.”

“பரவால்ல மச்சான். நீ சொன்னதாலதான் அது ஞாபகம் வந்துது.”

“அப்போ நெஜமாவே ஸ்விஸ்ஸா? இன்னா வெல போவும்?”

“பாத்தியா, ஆரம்பிச்சிட்டான்,” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கையை நீட்டினாள், வாட்சைப் போட்டுவிடச் சொல்லி. எனக்கு மனம் வரவில்லை. மீட்டரைப் பார்த்தாயிற்று, எழுத்தைப் பார்த்தாயிற்று, டாக்டர் சொல்லியாயிற்று. இருந்தாலும், “இன்னிக்கி ஒரு ராத்திரி இருக்கட்டும்டி,” என்றேன். எதற்காக இருக்கட்டும் என்று அவள் கேட்டாள். சொம்பிலேயே போட்டு மோட்டார் அறையில் வைத்தேன்.

“வெள்ளீயம்மா,” என்று அவள் உள்ளேயிருந்து கத்தினாள்.

“தெரியும்,” என்றேன்.

அன்றைய டைரியில் காலையில் எழுதிய வரிகளுக்குக் கீழே இப்படி இருக்கிறது: வாட்ச் +6. மருத்துவமனை. குழந்தை நலம். கரும்புச் சாறு, தம்பி. படுத்ததும் தூங்கிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்து மோட்டார் அறைக்குப் போனேன். மோட்டார் போடவில்லை. முதலில் சொம்பைத் திறந்தேன். யாருடைய கையும் இல்லாமல் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன ஜன்னலில் 13 விழுந்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்து உள்ளே எடுத்துப்போனேன். மகள் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கை வயிற்றின் மேல் இருந்தது. வளையல்களைச் சத்தமில்லாமல் மேலே தள்ளி, வாட்சை மெதுவாகக் கையில் ஏற்றினேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “எவ்ளோ முந்துது?”

“இரு,” என்று சொல்லிவிட்டு, செல்போனை எடுத்துவரப் போனேன்.